மூன்றாம் தந்தி கரகரத்தது

அத்தியாயம் ஆறு

கிடார் பழுது பார்க்கும் கடையின் படியேறியதும் பட்டாசு செய்த முதல் வேலை, கடை முகவரியைக் கைபேசியில் தட்டிப் பல் டாக்டருக்கு அனுப்பியதுதான்.

அது அவர்கள் அலுவலகத்தின் சட்டம். தேடிப் போகிற ஒவ்வொரு இடத்தின் முகவரியும் வேலை கொடுத்தவருக்கு அப்போதே போய்ச் சேர வேண்டும். எப்போதோ ஒரு மகராசன் அலுவலக வாசலில் நின்று, "தேடினேன் தேடினேன்னு சொல்லிக்கிட்டு காபிக் கடையிலதானே உக்காந்திருந்தீங்க?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனான். அன்றிலிருந்து இந்த வழக்கம். முதலாளிக்கு அதில் பெருமையும் உண்டு.

முதலாளியை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிடுவார்கள். வீடு தீப்பிடித்தாலும் செருப்பில் வலது எது இடது எது என்று பார்த்து மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்கு காட்டியவர்களைப் பிடித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறார். பட்டாசு அவருடைய உதவியாளர். முப்பத்தைந்து வயதுக்காரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அவள் வாயைத் திறந்த அரை நிமிடத்தில் யாரும் புரிந்துகொள்வார்கள்.

"அனுப்பிட்டேன் சார். நாம எங்கேயும் ஒதுங்காம ஒழுங்கா நனைஞ்சுக்கிட்டுதான் இருக்கோம்னு டாக்டருக்குத் தெரியட்டும்."

"குடையை வெளியில வை. மரம் இருக்கிற இடம்."

ஒரு வாரமாக விடாமல் மழை. துவைத்த துணி காயவில்லை, தீக்குச்சி பற்றவில்லை. பல் டாக்டரின் மனைவி காணாமல் போய் அன்றோடு பத்தொன்பது நாள். பள்ளிக்கூடம் ஒன்றில் கிடார் டீச்சர். கட்டிய துணியோடும் கையில் ஒரு கிடாரோடும் போனவள்தான். தானாகப் போனவர் என்று எழுதிவிட்டுப் போலீஸ் கையைக் கழுவிக்கொண்டது. டாக்டர் இவர்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, நாலாக மடித்த கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டதைப் பார்த்துப் பட்டாசே எழுந்து போய் அவருக்குக் காபி வாங்கி வந்தாள். அவர் போன பிறகு, "இப்படி உருகுற மனுஷன் நமக்கு வாய்க்கலையே சார்" என்று பெருமூச்சுகூட விட்டாள்.

கையில் இருந்தது ஒரே ஒரு துப்பு. மூன்று நாளைக்கு முன் டீச்சரின் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்திருந்தது. நாற்பது நொடி கிடார் வாசிப்பு. பேச்சு ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் அந்த எண் அணைந்துவிட்டது. அந்த அம்மா வெள்ளை மனதோடு அதை டாக்டருக்கு அனுப்ப, அவர் இவர்களுக்கு அனுப்பினார். "அவளோட கிடார்தான் அது. கோவாங்கிற மரத்துல செஞ்சது. ஆயிரம் கிடாருக்கு நடுவுல வாசிச்சாலும் எனக்குத் தெரியும்" என்றார். அந்தக் கிடாரை வருடக்கணக்கில் பராமரித்தவர் இந்தக் கடைக்காரர்.

கடை ஒரே நீள அறை. உத்தரத்துக் கம்பியில் கிடார்கள் கழுத்தைக் கொடுத்துத் தொங்கின. பசை வாசனை, மரத்தூள், மேசை முழுக்கச் சிறிய இடுக்கிகள். பின்சுவரில் ஒரு கனத்த கதவு, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டியது. அதற்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு அறுபது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டியிருந்தார்.

"மூணு கண்ணு," என்றாள் பட்டாசு மெதுவாக. "பொய் சொன்னா எரிச்சுடுவாரோ?"

நிதானம் அவளைப் பார்க்காமலே கைபேசியை மேசைமேல் வைத்துப் பதிவை ஓட விட்டார்.

பட்டாசுக்குப் பாட்டு என்றால் பேருந்தில் போடுவது. ஆனாலும் இதை எத்தனை முறை கேட்டாலும் அவளுக்குள் என்னவோ செய்தது. சுண்டியதும் தெளிவாக, கெட்டியாக ஒரு தொடக்கம். அது அடங்குவதற்குள் அதன் அடியிலிருந்தே இளஞ்சூடாக இன்னொன்று எழும். பெரிய கிடார்களைப் போல அறையை நிரப்பும் சத்தமில்லை இது. எதிரே உட்கார்ந்து உனக்கு மட்டும் என்று பேசுகிற சத்தம். இடையிடையே மூன்றாம் தந்தி மட்டும் கரகரத்தது, தொண்டை கட்டியவர் பேசுவது போல.

கடைக்காரரின் முகம் இளகியதை இருவருமே பார்த்தார்கள்.

"அதேதான்," என்றார். "சின்ன உடம்புக் கிடார். மடியில வச்சா குழந்தை கனம்தான் இருக்கும். கோவா மரம் தூரத் தீவு சிலதுல மட்டும்தான் வளருது. புதுசுல கொஞ்சம் கூரா பேசும். வாசிக்க வாசிக்கத்தான் குரல் இறங்கி வரும். இதை டீச்சர் பதினொரு வருஷம் வாசிச்சிருக்காங்க."

"எப்போ வாசிச்ச பதிவு இது? சொல்ல முடியுமா?" நிதானம் கேட்டார்.

"பழசுங்க." பதில் கொஞ்சம் அவசரமாக வந்தது. "மூணாவது ஸ்ட்ரிங் கரகரக்குது பாருங்க. அதைப் போன வருஷமே சரி பண்ணிட்டேன். அதுக்கு முந்தி எப்பவோ வாசிச்சது. இதை வச்சுக்கிட்டு நீங்க அலையறது வீண்."

"சரி பண்ணினதுக்கு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா?"

வேலையைச் சந்தேகப்பட்டதும் மனிதருக்குச் சுருக்கென்றது. இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்தார். கடைக்கு வரும் ஒவ்வொரு கிடாரையும் பழுதோடு ஒரு படம், பழுது நீங்கி ஒரு படம் எடுத்துத் தேதியோடு ஒட்டி வைத்திருந்தார். புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இந்த விரிசலை ஒட்டினப்பவே அந்த ஸ்ட்ரிங்கையும் சரி பண்ணிட்டேன்" என்றார். தேன் நிற மரம், அதில் புலிக்கோடு மாதிரி வரிகள். பக்கவாட்டுப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"போன வருஷம் ஆகஸ்ட் ஒன்பது," பட்டாசு படித்தாள். "எப்படி உடைஞ்சதாம்?"

"கட்டில்லேர்ந்து விழுந்துடுச்சுன்னாங்க."

"ஆகஸ்ட் எட்டாம் தேதிதானே சார் டீச்சர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வலது கையை உடைச்சுக்கிட்டாங்க? எங்க கல்யாண நாள் அதுவுமா இப்படி ஆயிடுச்சேன்னு டாக்டர் சொன்னாரே. அன்னிக்கே கிடாரும் விழுந்திருக்கு. ஏன் சார், குளிக்கறப்ப முதுகு தேய்க்கக் கிடாரையும் கூட்டிட்டுப் போனாங்களோ?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஆல்பத்தை மூட வந்த கையை நிதானம் மெல்லத் தடுத்தார்.

"கீழே விழுந்தா ஓரம்தானே முதல்ல அடிபடும்? இதுல ஓரத்துல ஒரு கீறல்கூட இல்லையே. நடுப் பலகைதான் உள்வாங்கியிருக்கு." அவர் கம்பியில் தொங்கிய வேறொரு கிடாரைக் காட்டினார். "உக்காந்து வாசிக்கிறப்ப வலது கை எங்க இருக்கும்? கொஞ்சம் காட்டுங்களேன்."

தொழில்காரர் யோசிக்கவில்லை. கிடாரை எடுத்து மடியில் வைத்து, வலது முழங்கைக்குக் கீழ்ப்பகுதியை உடம்பின்மேல் சாய்த்தார். படத்தில் விரிசல் இருந்த அதே இடத்தில் கை படிந்தது.

நிதானம் ஆல்பத்தைத் தூக்கி அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கிடாரை யாரும் அடிக்கல," என்றார் நிதானம். "கையைத்தான் அடிச்சிருக்காங்க. கைக்குக் கீழ இருந்ததால கிடாரும் உடைஞ்சிருக்கு."

பட்டாசுக்கு அந்த நாலாக மடித்த கைக்குட்டை நினைவுக்கு வந்தது.  இந்த ஆளுக்காகவா நான் பெருமூச்சு விட்டேன்?

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," நிதானம் கடைக்காரரிடம் திரும்பினார். "பொதுவா ஒரு ஸ்ட்ரிங் ஏன் கரகரக்குது?"

"காத்துல ஈரம் குறைஞ்சா மரம் சுருங்கும். மேல்பலகை லேசா உள்ள இறங்கும். அதோட ஸ்ட்ரிங்கும் இறங்கி, கழுத்துக் கட்டையில உரசும். மழைக்காலத்துல நேர் எதிர். மரம் உப்பி ஸ்ட்ரிங் மேல ஏறிடும். இந்த வாரம் ஊர்ல எந்தக் கிடாரும்..."

அவர் நிறுத்திவிட்டார். மரத்தைப் பற்றி மட்டும் அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. பேச்சு எங்கே போய் முடிகிறது என்று உறைத்தபோது காலம் கடந்துவிட்டது.

"எந்தக் கிடாரும் கரகரக்காது," நிதானம் முடித்து வைத்தார். "ஆனா இது கரகரக்குது. பழைய பதிவுன்னு சொல்லிடலாம்தான். ஆனா அந்த மாணவிக்குப் பரீட்சைக்குன்னு ஸ்கூல்ல இந்தப் பாடத்தைக் கொடுத்ததே போன திங்கட்கிழமை. அவ அம்மாவே சொன்னாங்க. பிள்ளை திணறுதுன்னு யார் மூலமாவோ கேள்விப்பட்டு, டீச்சர் மனசு கேக்காம வாசிச்சு அனுப்பியிருக்காங்க. அப்போ இந்த மழையில, இந்த ஊர்ல, காய்ஞ்ச காத்து எங்க இருக்கு?"

மூவர் கண்ணும் ரப்பர் ஒட்டிய அந்தக் கதவுக்குப் போனது. உள்ளே இயந்திரம் முனகியது.

"மரம் காய வைக்கிற அறைங்க," கடைக்காரரின் குரல் கம்மியது. "ரெண்டு தடவை போலீசுக்குப் போச்சு அந்தப் பொண்ணு. ரெண்டு தடவையும் டாக்டரையே வரவழைச்சுக் கூட அனுப்பி வச்சாங்க. நாளைக்குக் காலையில அவங்க அக்கா வெளியூர்லேர்ந்து வர்றாங்க. ஒரே ஒரு ராத்திரிதான் பாக்கி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"கதவைத் திறக்காதீங்க," என்றார் நிதானம். "நான் பார்க்கலை. பார்க்காததை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பட்டாசு, வா போகலாம்."

பட்டாசு வரவில்லை. கைபேசியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள்.

"சார்." கைபேசியை அவர் பக்கம் திருப்பினாள். "அட்ரஸ்."

திரையில் அவள் அனுப்பிய முகவரிக்குக் கீழே பதில் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. 'அங்கேயே இருங்கள். நானே வருகிறேன்.'

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கார் வந்து நின்றது. தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்த சத்தத்திலேயே தெரிந்தது, ஓட்டி வந்தவருக்குப் பொறுமை இல்லை என்று.

"கிடார்," என்றார் நிதானம். வாழ்நாளில் முதல் முறையாக அவர் குரலில் அவசரம் கேட்டது. "கிடாரை மட்டும் வெளியே கொடுக்கச் சொல்லுங்க. சீக்கிரம்!"

கடைக்காரர் ஓடிப்போய்க் கதவை ஒரு முழம் திறந்து ஏதோ முணுமுணுத்தார். உள்ளிருந்து முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு மெலிந்த கை கிடாரைக் கழுத்தைப் பிடித்து நீட்டியது. கடைக்காரர் பிடித்த பிறகும் அந்தக் கை உடனே விடவில்லை. இரண்டு விநாடி கழித்து விட்டது. கதவு மூடியது. கிடார் ஸ்டூலில் உட்கார்ந்த பட்டாசின் மடிக்கு வரவும் வாசலில் பல் டாக்டர் வரவும் சரியாக இருந்தது.

தலையில் மழைத்துளி. வெள்ளைச் சட்டை. அதே பணிவான சிரிப்பு. "சாரி, உங்க வேலையைக் கெடுக்கறேனா? கிளினிக்ல இருப்பே கொள்ளல." கண் கிடாரில் விழுந்தது. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. "அவ எங்க?"

"உங்க மனைவி..." என்று தொடங்கிய நிதானம் அங்கேயே நின்றுவிட்டார். பொய்யைப் பிடித்தே பழகிய மனிதர். சொல்ல வரவில்லை. காது சிவந்து, கழுத்து வேர்த்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

பட்டாசு வாயைத் திறந்தாள். பெயர் வாங்கித் தந்த வாய் இன்றைக்காவது உதவட்டும்.

"மூணு நாளாச்சு டாக்டர் வந்துட்டுப் போயி! இதோ, இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் வாசிச்சு அனுப்பியிருக்காங்க. கிடாரைக் கொடுத்து ரிப்பேர் பண்ணி வையுங்கன்னுட்டு ரயிலேறிட்டாங்களாம். எந்த ஊர்னு இந்தப் பெரியவர்கிட்ட கேட்டா, கேக்கலைங்கறார். மரத்துக்குப் பிறந்தநாள்கூடத் தெரியும், மனுஷங்க விலாசம் கேக்கத் தெரியாது!"

டாக்டர் அவளைக் கேட்டுக்கொண்டே கடைக்குள் நடந்தார். ரப்பர் ஒட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். "இது என்ன ரூம்?"

"மரம்... மரம் காயுது," கடைக்காரர் திணறினார். "திறந்தா ஈரக் காத்து உள்ள போயிடும்."

"ஒரு நிமிஷம் திறங்க. பாத்துட்டு மூடிடலாம்."

கை கைப்பிடிக்குப் போனது. பட்டாசுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கட்டை விரலால் ஆறு தந்திகளையும் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கிடார் அவள் மடியில் உயிர் வந்தாற்போல் எழுந்தது. அந்தச் சின்ன உடம்பின் முதுகுப் பலகை அவள் விலா எலும்போடு ஒட்டி அதிர்ந்தது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது எது, மரம் நடுங்குவது எது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் தந்தி கரகரத்தது.

டாக்டர் திரும்பினார்.

"இதேதான்," என்றார் மெதுவாக. "இந்தக் கரகரப்புதான்."

"ஆமா டாக்டர். இன்னும் சரி பண்ணலையாம். அதுசரி, இதை என்ன பண்றது? அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. இங்கேயே இருக்கட்டுமா?" அவள் குரலை அலட்சியமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள். "இல்ல, வீட்டுல இருந்தா உங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்குமோ என்னவோ."

டாக்டரின் கை கைப்பிடியை விட்டு இறங்கியது. அவர் யோசித்தார். பிறகு நிஜமாகவே சிரித்தார். அலுவலகத்தில் அழுத முகத்தைவிட இந்தச் சிரிப்புதான் அவருடைய சொந்த முகம் என்று பட்டாசுக்குத் தோன்றியது.

"என்கிட்டயே இருக்கட்டும். என்னை விட்டுட்டு அவளால இருக்க முடியும். இதை விட்டுட்டு ஒரு மாசம் தாங்க மாட்டா. தானா வாசல்ல வந்து நிப்பா, பாருங்க. நீங்களும் இனிமே அலைய வேண்டாம்."

"உறையில போட்டு எடுத்துட்டுப் போங்க," கடைக்காரர் கெஞ்சினார். "மழைங்க. காய்ஞ்ச மரம், தாங்காது."

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. கிடாரைக் கழுத்தோடு பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். காரின் பின்கதவைத் திறந்து இருக்கைமேல் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது. ஆறு தந்தியும் ஒன்றாக முனகின. கார் போயிற்று.

காரின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கடைக்காரர் கதவைத் திறந்தார்.

அடுக்கிய பலகைகளுக்கு நடுவே ஒரு பாயும் ஒரு தண்ணீர்க் குப்பியும் இருந்தன. டீச்சர் சுவரோடு சாய்ந்து நின்றாள். பட்டாசு நினைத்திருந்ததைவிட இளையவள். காய்ந்த காற்றில் உதடு வெடித்திருந்தது.

"எடுத்துட்டுப் போயிட்டாரா?"

"ஆமாம்மா," என்றார் நிதானம். "கொஞ்ச நாளைக்கு உன்னைத் தேட மாட்டார். கிடாரைக் காவல் காத்துக்கிட்டு வாசல்லயே உக்காந்திருப்பார். இப்பவே கிளம்பிடலாம். எனக்குத் தெரிஞ்ச வக்கீல் அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அக்கா வர்ற வரைக்கும் அவங்க வீட்டுல இரு. இந்தத் தடவை நீ தனியா போலீசுக்குப் போக வேண்டியதில்ல."

பட்டாசுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தான் அட்ரஸ் அனுப்பினேன். நான் அனுப்பாட்டா அவர் வந்திருக்கவே மாட்டார். உங்க கிடாரும்..." கண் நிரம்பிவிட்டது. "என்னை நாலு அறை அறைஞ்சிருங்க டீச்சர்."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நாளெல்லாம் நடந்தவளின் களைப்புதான் இருந்தது.

"அடி வாங்கறதைப் பத்திப் பேசாதீங்க," என்றாள். பிறகு கடைக்காரரிடம், "ஒரு நகவெட்டி இருக்குமா மாமா?"

இருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை வெளிச்சத்தில் நீட்டினாள். கட்டைவிரலிலும் அதற்கடுத்த மூன்று விரல்களிலும் நகம் நீளமாக, வழவழவென்று இழைத்து வளர்க்கப்பட்டிருந்தது. அந்த நகத்தால்தான் பதினொரு வருடமும் வாசித்திருக்கிறாள். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்மா" என்று ஒரு அடி முன்னால் வந்தார்.

"எத்தனை ஊருக்குப் போனாலும் இந்த நாலு நகத்தை வச்சு என்னைக் கண்டுபிடிச்சுடலாம் மாமா." அவள் பட்டாசு பக்கம் திரும்பினாள். "நீங்ககூட அப்படித்தானே எழுதி வச்சிருக்கீங்க?"

பட்டாசின் பைக்குள் குறிப்பு நோட்டு இருந்தது. அதில் அடையாளங்கள் என்ற தலைப்பில் டாக்டர் சொல்லச் சொல்ல அவள் கையாலேயே எழுதிய வரி: வலது கையில் நகம் நீளம், இடது கையில் ஒட்ட வெட்டியது.

"ஆமா," என்றாள்.

டீச்சர் கட்டைவிரலில் தொடங்கினாள். டக்கென்று ஒரு சத்தம். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிதானம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒவ்வொரு நகத்தையும் ஒட்ட வெட்டி, துண்டுகளை உள்ளங்கையில் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். இரண்டு கையையும் சேர்த்து வைத்து ஒரு தரம் பார்த்தாள். இப்போது அவை யாருடைய கைகளாகவும் இருக்கலாம்.

"நகம்தானே," என்றாள் பட்டாசிடம். "மூணு மாசத்துல வளர்ந்துடும். வாங்க, போகலாம்."